அயல்நாட்டுத் தூதரகம் ஒருவரைக் காப்பாற்ற முடியுமா? மனித உரிமைப் பாதுகாவலர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செயற்பாட்டாளரைப் போலீஸ் அழைத்துப் போன முதல் நாள் "தூதரகங்களுக்குச் சொல்லியாச்சா?" என்று பதறுபவர்களே, பத்தாவது நாள் "அவங்க அறிக்கை விடுறதோட சரி" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எது எங்கே உண்மை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கேள்விகள் பல சமயங்களில் பலர் கேட்டவை. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

மனித உரிமைப் பாதுகாவலர் என்றால் யார்? அதற்கு அடையாள அட்டை ஏதாவது உண்டா?

கிடையாது. செய்யும் வேலைதான் அடையாளம். 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இதற்கென ஒரு பிரகடனத்தை நிறைவேற்றியது. அரசுகளுக்கு நடுவே பத்து வருடத்துக்கும் மேல் இழுபட்ட ஆவணம் அது. தன் உரிமைக்காகவோ பிறர் உரிமைக்காகவோ வன்முறை இல்லாமல் பாடுபடும் எவரும் இதில் அடங்குவார். வக்கீலாக இருக்க வேண்டும், நிறுவனம் நடத்த வேண்டும் என்றெல்லாம் இல்லை. காணாமல் போன மகனின் படத்தை ஏந்திக்கொண்டு தெருவில் நிற்கும் தாயும் பாதுகாவலர்தான். இந்தத் தாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவார்.

பிரகடனம் என்பது ஒப்பந்தம் இல்லை. மீறினால் யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆனாலும் ஒரு தூதர் போய்ப் பேசும்போது கையில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் வேண்டும் அல்லவா, அதற்கு இது உதவுகிறது.

தன் குடிமகன் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசத் தூதரகத்துக்கு என்ன உரிமை?

நியாயமான கேள்வி. தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் வருட வியன்னா ஒப்பந்தத்தின் 41ஆம் பிரிவு, இருக்கும் நாட்டின் உள்விவகாரத்தில் தூதர்கள் தலையிடக் கூடாது என்கிறது. கோபம் வந்த அரசுகள் முதலில் எடுத்து வீசுவது இதைத்தான். அதே ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவோ, நாட்டு நிலவரத்தைச் சட்டப்படியான வழிகளில் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பது தூதரகத்தின் வேலை என்கிறது. சிறையில் இருப்பவரின் மனைவியோடு உட்கார்ந்து டீ குடிப்பது நிலவரம் அறிவதா, தலையீடா? இந்த இடைவெளிக்குள்தான் மொத்த வேலையும் நடக்கிறது. 1993இல் வியன்னாவில் நடந்த உலக மாநாடு, மனித உரிமைகள் பன்னாட்டுச் சமுதாயத்தின் நியாயமான அக்கறை என்று எழுதி வைத்தது பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு.

கைதானவர் தன் குடிமகன் என்றால் கதை வேறு. 1963ஆம் வருட ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவுப்படி சிறைக்குள் போய்ப் பார்க்கும் உரிமையே உண்டு. அதையும் எல்லா அரசும் மதிப்பதில்லை. எகிப்தின் ஜனநாயகச் செயற்பாட்டாளர் அலா அப்துல் ஃபத்தா 2021 டிசம்பரில் சிறையில் இருந்தபடியே தாய்வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். ஆனாலும் பிரிட்டிஷ் தூதரகத்தை அவரைப் பார்க்க விடவில்லை. எங்களுக்கு அவர் எகிப்தியர் என்றது கெய்ரோ. தாய் லைலா சுயஃப் லண்டனில் மாதக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார். பிரிட்டிஷ் பிரதமரே தொலைபேசியில் பேசினார். 2025 செப்டம்பரில்தான் மன்னிப்பு கிடைத்தது.

சொந்தக் குடிமகனுக்கே இந்தப் பாடு. அயலாருக்கு எந்த உரிமையும் எழுதி வைக்கப்படவில்லை. சட்டம் அங்கே முடிந்துவிடுகிறது. மீதி எல்லாம் முகதாட்சண்யம்தான். எந்த அரசு யாருடைய முகத்துக்காகத் தயங்குகிறது, எந்த நேரத்தில் தயங்குகிறது என்பதே கணக்கு.

சரி, தூதரகம் உண்மையில் என்னதான் செய்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு 2008இல் திருத்தியது. பாதுகாவலர்களோடு தொடர்பில் இருங்கள், தேவைப்பட்டால் வீட்டுக்குப் போங்கள், அவர்கள் மீதான வழக்கு விசாரணைக்குப் போய் உட்காருங்கள் என்று தூதரகங்களுக்கு அது சொல்கிறது. நார்வே, சுவிட்சர்லாந்து, கனடா போன்ற நாடுகளும் தங்கள் அதிகாரிகளுக்கு இப்படி எழுதி வைத்திருக்கின்றன.

காகிதத்தில் படித்தால் சாதாரணமாகத் தெரியும். நேரில் எப்படி இருக்கும் என்பதற்கு மின்ஸ்க் நகரத்தில் 2020 செப்டம்பர் 9ஆம் தேதி காலை நடந்ததைச் சொல்லலாம். பெலாரஸில் அதிபர் லுகஷென்கோ தன் தேர்தல் வெற்றியை அறிவித்துக்கொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. எதிர்த்தரப்பின் ஒருங்கிணைப்புக் குழுத் தலைமையில் கைதாகாமலும் நாட்டைவிட்டுத் துரத்தப்படாமலும் மிஞ்சியிருந்தவர் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் ஒருவர்தான். அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. முகம் தெரியாத ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டபடி இருந்தார்கள்; வாசல் மணியை அடித்தபடி இருந்தார்கள். அவர் செய்தியாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். செய்தியாளர்கள் வந்தார்கள்; பின்னாலேயே ஐரோப்பிய நாடுகளின் தூதரக அதிகாரிகளும் வந்து அவருடைய கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களோடு அவர் நிற்கும் படம் அன்றே உலகம் முழுக்கப் போனது.

அதிகாரிகள் செய்தது அவ்வளவுதான், வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அவரை யாரும் தூக்கிப் போகவில்லை. சில வாரம் கழித்து அவர் ஜெர்மனிக்குப் புறப்பட்டுப் போனார்.

உட்காருவது தவிர வேறு வேலைகளும் உண்டு. அமைச்சகத்துக்கு நேரில் போய் ஆட்சேபம் சொல்வது ஒன்று. ராஜதந்திர வட்டாரத்தில் இதை டிமார்ஷ் என்பார்கள், பெரும்பாலும் வெளியே தெரியாது. அவசர விசா கொடுப்பது, வக்கீல் செலவுக்கும் கொஞ்ச நாள் வேறு ஊரில் தங்குவதற்கும் பணம் கிடைக்க வழி செய்வது ஆகியவையும் உண்டு. நெதர்லாந்தில் 2012இல் தி ஹேக் நகரத்தில் தொடங்கிய ஒரு திட்டம், ஆபத்தில் இருப்பவரை மூன்று மாதம் அழைத்து வைத்துக்கொள்கிறது. நிரந்தரமாகத் தங்க வைப்பது நோக்கமில்லை. மூச்சு விட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வேலையைத் தொடரத்தான் அந்த மூன்று மாதம்.

பணம் எப்போதும் கிடைக்கும் என்று நம்பவும் கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தபோது, இப்படிப்பட்ட அவசர உதவிகளை நம்பியிருந்த பல அமைப்புகள் திண்டாடிப் போயின.

கோர்ட் வாசலில் நின்று என்ன ஆகப்போகிறது? உள்ளேகூட விடுவதில்லையே?

ஆமாம், பல நேரம் விடுவதில்லை. 2009 டிசம்பர் 23, பெய்ஜிங்கில் சீன எழுத்தாளரும் ஜனநாயகச் செயற்பாட்டாளருமான லியூ சியாபோ மீதான விசாரணை. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் தூதரக அதிகாரிகள் வந்தார்கள். ஒருவரையும் உள்ளே விடவில்லை. குளிரில் வெளியே நின்றார்கள். இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்துமஸ் அன்று 11 வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேலைநாட்டினர் விடுமுறையில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

நின்றதால் தண்டனை ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஆனால் வழக்கு மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது என்பதற்கு அத்தனை அரசுகள் நேர்ச்சாட்சி ஆயின. ஆளில்லாத கோர்ட்டில் நீதிபதி பேசும் தொனிக்கும், பின்வரிசையில் வெளிநாட்டவர் நாலு பேர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது பேசும் தொனிக்கும் வித்தியாசம் உண்டு. இது பெய்ஜிங்கில் செல்லவில்லை; செல்லும் ஊர்களும் இருக்கின்றன.

சத்தமாகப் பேசுவது நல்லதா, காதோடு காது பேசுவது நல்லதா?

இதற்கு ஒரே பதில் சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கிறது.

2018 ஆகஸ்டில் சவூதியில் சமர் பதாவி உள்ளிட்ட பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் கைதானபோது, அவர்களை உடனே விடுவிக்கக் கோரி கனடா வெளியுறவுத் துறை ட்விட்டரில் எழுதியது. ரியாத்தில் இருந்த கனடா தூதரகம் அதையே அரபியிலும் போட்டது. ஆங்கிலத்தில் சொன்னதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அரபியில் சொன்னது தாங்கவில்லை, சொந்த மக்கள் படிக்கிறார்களே! கனடாத் தூதரை 24 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். புதிய வணிகத்தை நிறுத்தினார்கள். கனடாவில் படித்த சவூதி மாணவர்களைத் திரும்ப அழைத்தார்கள். நட்பு நாடுகளில் பெரும்பாலானவை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. தூதர்கள் மறுபடி நியமிக்கப்பட 2023 மே வரை ஆனது. சமர் பதாவி 2021இல்தான் வெளியே வந்தார்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லதா? அதே சவூதி விஷயத்தில் 2019 மார்ச் 7 அன்று ஜெனீவாவில் ஐஸ்லாந்து எழுந்து 36 நாடுகளின் சார்பில் ஒரு அறிக்கை வாசித்தது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் சவூதி மீது அப்படி ஒரு கூட்டறிக்கை வந்தது அதுதான் முதல் முறை. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை மதுரையில் பாதிகூட இராது. சவூதிக்கு ஆயுதம் விற்கும் வியாபாரமும் அதற்கு இல்லை. அந்த மாதக் கடைசியிலேயே பெண்களில் மூவரைத் தற்காலிகமாக விடுவித்தார்கள். அறிக்கையால்தான் விட்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு நாட்டைத் தூக்கி எறிவது சுலபம், முப்பத்தாறை எறிவது கஷ்டம்.

காதோடு காது பேசியதற்கு உதாரணம் லியூ சியா. லியூ சியாபோவின் மனைவி, கவிஞர், எந்த வழக்கும் இல்லாமலே எட்டு வருடம் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர். ஜெர்மனி திரைக்குப் பின்னால் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. 2018 ஜூலை 9 அன்று சீனப் பிரதமர் பெர்லினில் ஜெர்மன் சான்சலர் மெர்க்கலைச் சந்தித்தார். மறுநாள் ஹெல்சிங்கி வழியாக லியூ சியா பெர்லின் வந்து இறங்கினார். ஹெல்சிங்கி விமான நிலையத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் சிரித்த படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

எனக்குத் தெரிந்து இதில் உருப்படியான விதி ஒன்றுதான். சத்தம் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் உள்ளே இருப்பவர். அவரால் முடியாவிட்டால் அவர் குடும்பம். அடிபடப்போவது தூதர் இல்லையே. ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் பாதுகாவலரைக் கலந்துகொள்ளத்தான் சொல்கின்றன. தூதரகங்கள் சில நேரம் மறந்துபோகின்றன, வெளிநாட்டில் இருக்கும் ஆதரவாளர்களோ பெரும்பாலும் மறந்துபோகிறார்கள்.

இலங்கையில் இது எப்படி நடந்தது?

இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2013 ஆகஸ்டு கடைசியில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை ஒரு வாரம் இலங்கையில் இருந்தார். கிளம்பும் நாளில் கொழும்பில் செய்தியாளர்களிடம் பேசும்போது, தன்னைச் சந்தித்தவர்களின் வீடுகளுக்கும் சந்திக்க நினைத்தவர்களின் வீடுகளுக்கும் போலீஸும் ராணுவமும் போய் விசாரித்திருக்கின்றன என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். ஐ.நா. ஆணையரிடம் பேசியதற்கே இப்படி என்றால், அவர் விமானம் ஏறிய பிறகு என்ன என்பதுதான் அன்று எல்லோருக்கும் இருந்த கவலை.

அடுத்தது 2014 மார்ச். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் கூட்டத்தொடர் நடக்கிறது. இலங்கை மீதான தீர்மானம் வாக்கெடுப்புக்குக் காத்திருக்கிறது. மார்ச் 13 அன்று கிளிநொச்சி மாவட்டம் தருமபுரத்தில் ஜெயக்குமாரி பாலேந்திரனைக் கைது செய்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டங்களில் முன்வரிசையில் நின்றவர். முதல் பதிலில் சொன்னேனே, மகனின் படத்தோடு நிற்கும் தாய் என்று, அது இவர்தான். பதின்மூன்று வயது மகளைத் தாயிடமிருந்து பிரித்துச் சிறுவர் இல்லத்தில் விட்டார்கள்.

என்ன நடந்தது என்று விசாரிக்கக் கொழும்பைச் சேர்ந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் ருக்கி பெர்னாண்டோவும் அருட்தந்தை பிரவீன் மகேசனும் கிளிநொச்சிக்குப் போனார்கள். மார்ச் 16 இரவு அவர்களையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். செய்தி பரவிய வேகத்தைச் சொல்லி மாளாது. இருவரையும் தூதரகங்களுக்குத் தெரியும், ஜெனீவாவுக்குத் தெரியும், பன்னாட்டு அமைப்புகளுக்குத் தெரியும். எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி வந்தது. மார்ச் 18 இரவு விட்டுவிட்டார்கள். வெளிநாடு போகக் கூடாது, வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கட்டுகள் மட்டும் தொடர்ந்தன. மார்ச் 27 அன்று தீர்மானம் 23க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது.

இரண்டு பேருக்கும் இரண்டு நாள். ஜெயக்குமாரி பிணையில் வெளியே வந்தது 2015 மார்ச்சில், ஆட்சி மாறிய பிறகு. கிட்டத்தட்ட ஒரு வருடம்.

ருக்கி பெர்னாண்டோவே வெளியே வந்த நாளிலிருந்து ஜெயக்குமாரியைப் பற்றித்தான் பேசினார், அதனால் அவர் மீது குறை இல்லை. தூதரகப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது. யாருடைய தொலைபேசி எண் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு நாட்கள், இன்னொருவருக்கு மாதங்கள். ஆங்கிலம் தெரிந்த, தலைநகரில் இருக்கிற, மாநாடுகளுக்குப் போய் வந்த ஆளுக்குக் குடை முதலில் விரிகிறது. தருமபுரத்தில் இருப்பவர் வரை அந்தக் குடை நீளுவதில்லை. தூதரக அதிகாரி கொழும்பைவிட்டு வடக்கே போய் மரத்தடியில் உட்கார்ந்து பத்துப் பேரின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும், அதுவும் கைதுக்கு முன்னால். அப்படிச் செய்பவர்கள் இருந்திருக்கிறார்கள். போதுமான அளவு இல்லை.

அதே மார்ச்சில், அதே ஜெனீவா மண்டபத்தில் இன்னொன்றும் நடந்தது. சீனப் பாதுகாவலர் சாவ் ஷுன்லி ஆறு மாதத்துக்கு முன்னால் ஜெனீவாவுக்கே வரக் கிளம்பி, பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடிபட்டவர். காவலில் நோய் முற்றி மார்ச் 14 அன்று இறந்துபோனார். அவருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்று ஒரு அமைப்பு பேசும் நேரத்தில் கேட்டது. விதிப்படி செல்லாது என்றது சீனா. அந்த ஒரு நிமிடம் கூடுமா கூடாதா என்று நாடுகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வாதாடின. கடைசியில் அனுமதி இல்லை. இருந்தவர்களில் பலர் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் எழுந்து நின்றார்கள்.

பெரிய விருது வாங்கிவிட்டால் கை வைக்க மாட்டார்கள்தானே?

அப்படி நினைத்தவர்கள் ஹோண்டுராஸின் பெர்தா காசெரெஸை நினைத்துக்கொள்ள வேண்டும். லெங்கா பழங்குடி மக்களின் ஆற்றை அணையிலிருந்து காத்ததற்காக 2015இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது வாங்கினார். அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் அவருக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று ஏற்கெனவே அரசுக்குச் சொல்லியிருந்தது. 2016 மார்ச் 2 இரவு வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அணை நிறுவனத்தின் முன்னாள் தலைவருக்கே பின்னாளில் 22 வருடத்துக்கும் மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் வெளியுறவுக் கொள்கை பேசுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த அணைக்கு நெதர்லாந்தின் வளர்ச்சி வங்கியும் பின்லாந்தின் வளர்ச்சி நிதி நிறுவனமும் பணம் போட்டிருந்தன. இரண்டும் பாதுகாவலர்களைப் பற்றி உலக மேடையில் நன்றாகப் பேசும் நாடுகள். கொலைக்குப் பிறகு வந்த எதிர்ப்பில், 2017இல்தான் முழுதாக விலகின. ஒரு துறை விருந்து வைத்துப் பாராட்டுகிறது, இன்னொரு துறை எதிராளிக்குக் கடன் கொடுக்கிறது. நடுவில் ஒரு போன் பேசினால் போதும், பேசுவதில்லை. என்னைக் கேட்டால் விருதுப் பணத்தில் பாதியை அந்த போன் பில்லுக்கு ஒதுக்கலாம்.

தூதரகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டால்?

உள்ளே போலீஸ் வர முடியாது, 1961 ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு அப்படி. ஆனால் வெளியே எப்படி வருவீர்கள்? பெரு நாட்டு அரசியல் தலைவர் ஆயா தெ லா தோரே 1949இல் லிமாவில் இருந்த கொலம்பியத் தூதரகத்துக்குள் போனார். வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போயும் முடிச்சு அவிழவில்லை. அவர் வெளியே வர ஐந்து வருடம் ஆனது.

2012இல் சீனாவின் சென் குவாங்செங் கதை இன்னும் விசித்திரம். கண்பார்வை இல்லாத அவர், தானே சட்டம் படித்தவர். ஷான்டோங் மாகாணத்தில் தன் கிராமத்து வீட்டுக்காவலிலிருந்து இரவில் சுவரேறிக் குதித்தார். கால் எலும்பு முறிந்தது. நண்பர்கள் காரில் பெய்ஜிங் கொண்டுவந்து சேர்க்க, அமெரிக்கத் தூதரகம் உள்ளே எடுத்துக்கொண்டது. சில நாளில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் பேச்சுவார்த்தைக்கு வரவேண்டியிருந்தது. நாட்டுக்குள்ளேயே பாதுகாப்பாகப் படிக்கலாம் என்ற ஏற்பாட்டை நம்பி மே 2 அன்று தூதரகத்தைவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கதவு மூடியதும் பயம் வந்துவிட்டது. மறுநாள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய நண்பர் தன் செல்போனை மைக்குக்கு அருகே பிடிக்க, பெய்ஜிங் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவர் குரல் அந்த அறையில் கேட்டது. மே 19 அன்று அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். ஊரில் இருந்த அண்ணன் மகன் சிறைக்குப் போனார்.

கடைசி வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் பழி மிச்சமிருப்பவர் தலையில் விடியும்.

தூதரகங்களாலோ வெளிநாட்டு அரசுகளாலோ கெடுதல் நடந்ததுண்டா?

உண்டு. 2011இல் பெலாரஸின் அலெஸ் பியாலியாட்ஸ்கிக்கு நடந்தது மறக்கக் கூடாத ஒன்று. அவருடைய மனித உரிமை அமைப்பான வியஸ்னாவுக்கு உள்நாட்டில் பதிவு இல்லை. அதனால் உதவிப் பணத்துக்கு லித்துவேனியாவிலும் போலந்திலும் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருந்தார். பெலாரஸ் அரசு சட்ட உதவி ஒப்பந்தப்படி விவரம் கேட்டது. இரண்டு நாட்டு அதிகாரிகளும், யாருடைய கணக்கு, கேட்பது யார் என்றெல்லாம் பார்க்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதுவே வரி ஏய்ப்பு வழக்குக்குச் சாட்சி ஆனது. நாலரை வருடச் சிறை. இரண்டு நாடுகளும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. அப்போது அந்த இரண்டு நாட்டு வெளியுறவுத் துறைகளும் அவருக்கு ஆதரவாகப் பேசிக்கொண்டிருந்தவை என்பதுதான் வேடிக்கை. நீதித் துறைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

சந்திப்பே ஆபத்தாவதும் உண்டு. 2023 ஏப்ரல் 13 அன்று வக்கீல் யூ வென்ஷெங்கும் மனைவி சூ யானும் பெய்ஜிங்கில் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது வழியிலேயே பிடிக்கப்பட்டார்கள். இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. அழைத்தவர்கள் மீது சட்டப்படி தப்பில்லை. ஆனால் அழைக்கும் முன், 'வருவது உங்களுக்குச் சரிப்படுமா, நாங்கள் வரட்டுமா?' என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

பெரிய நாடு என்றால் எல்லோரும் அடங்கிப் போய்விடுவார்களா?

அடங்கிப் போவார்கள் என்பதைவிட, குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக வேலை செய்த ஏசு சபைப் பாதிரியார். 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கும் குழாய்க்காக கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று 84 வயதில், பிணை கிடைக்காமலே மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார். அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் மனித உரிமைச் சிறப்புப் பிரதிநிதி, இவர் விஷயத்தை இந்திய அதிகாரிகளிடம் பல முறை எழுப்பியிருந்தோம் என்று தெரிவித்தார். எழுப்பியிருக்கிறார்கள்; வெளியே கேட்கவில்லை, உள்ளே எடுபடவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்தது என்று இந்திய வெளியுறவுத் துறை பதில் சொன்னது.

நார்வே கதை தெரிந்ததுதான். 2010இல் லியூ சியாபோவுக்கு அமைதி நோபல் கொடுத்தது அரசு இல்லை, தனிக் குழு. ஆனாலும் சீனா ஆறு வருடம் உறவை முடக்கியது. 2016 டிசம்பரில் ஒட்டியபோது, சீனாவின் முக்கிய நலன்களுக்கு மதிப்புக் கொடுப்பதாக நார்வே எழுதிக் கொடுத்தது. விலை தெரிந்துவிட்ட பிறகு மற்றவர்கள் யோசிக்கத்தானே செய்வார்கள்?

இந்தியாவும் வெளிநாட்டில் தனிநபர் வழக்குகளைப் பகிரங்கமாகப் பேசும் வழக்கம் உள்ள நாடு இல்லை. இலங்கை மீதான தீர்மானத்தை 2012, 2013இல் ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது.

சொத்து முடக்கம், பயணத் தடை, வர்த்தகச் சலுகை நிறுத்தம் - இவை பாதுகாவலருக்கு உதவுமா?

தண்டிக்க உதவும், காப்பதற்கு அவ்வளவாக இல்லை. மாஸ்கோ சிறையில் 2009இல் இறந்த ரஷ்ய வரி ஆலோசகர் செர்கேய் மக்னிட்ஸ்கியின் பெயரில் அமெரிக்கா 2012இல் இப்படிப்பட்ட தடைகளுக்கான சட்டம் போட்டது; 2016இல் அதை உலகம் முழுமைக்கும் விரித்தது. கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் பின்னால் வந்தன. கனடா 2023 ஜனவரியில் மகிந்த, கோட்டாபய ராஜபக்ச இருவர் மீதும், பிரிட்டன் 2025 மார்ச்சில் இலங்கையின் முன்னாள் ராணுவத் தளபதி சவேந்திர சில்வா உள்ளிட்ட நால்வர் மீதும் தடை போட்டன. இலங்கை போன்ற நாடுகளின் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை இன்னொரு கருவி. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டி அந்தச் சலுகையை மறுபரிசீலனை செய்யலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூனில் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகான மாதங்களில்தான், தமிழில் கவிதை எழுதியதற்காக உள்ளே இருந்த அஹ்னாப் ஜசீமுக்கும் வக்கீல் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவுக்கும் பிணை கிடைத்தது.

பியாலியாட்ஸ்கி கதையின் மீதியும் இங்கேதான் வருகிறது. 2021இல் மறுபடி கைதானார், 2022இல் சிறையில் இருந்தபடி நோபல் பெற்றார், 2023இல் 10 வருடத் தண்டனை. 2025 டிசம்பர் 13 அன்று விடுவிக்கப்பட்ட 123 கைதிகளில் ஒருவராக விடுதலை ஆனார். அன்றே பெலாரஸின் பொட்டாஷ் உரத்தின் மீதான தடையை அமெரிக்கா நீக்கியது. ஆள் வெளியே வந்தார் என்பதில் சந்தோஷம். ஆளைப் பிடித்து வைத்தால் உரம் விற்கலாம் என்று ஒரு அரசு கற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் நான் ஒருவருக்காக என்ன எழுதி அனுப்புவது? யாருக்கு?

உங்கள் தொகுதி எம்.பி.க்கு, அந்த நாட்டு வெளியுறவுத் துறைக்கு, கைது நடந்த நாட்டில் உள்ள அவர்களுடைய தூதரகத்துக்கு. ஐ.நா.வில் பாதுகாவலர்களுக்கெனத் தனிச் சிறப்பு அறிக்கையாளர் இருக்கிறார். அவருக்கும் எவரும் எழுதலாம். குடும்பத்திடம் சம்மதம் வாங்காமல் ஒன்றும் அனுப்பாதீர்கள்.

ஒரு பக்கம் போதும். இனத்தின் வரலாற்றை 1948இலிருந்து தொடங்க வேண்டாம், படிப்பவருக்கு நேரமில்லை. யார், எந்த நாள், எந்தக் காவல் நிலையம், எந்தச் சட்டம், இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள், வக்கீல் பார்த்தாரா, மருந்து ஏதும் வேண்டுமா, அடுத்த விசாரணை எந்தத் தேதி, எந்தக் கோர்ட். கடைசியாக, இன்னது செய்யுங்கள் என்று ஒரே ஒரு வேண்டுகோள். "கவலை தெரிவியுங்கள்" என்று கேட்டால் கவலைதான் தெரிவிப்பார்கள். "21ஆம் தேதி விசாரணைக்கு ஆள் அனுப்புங்கள்" என்று கேட்டால் அனுப்பவோ மறுக்கவோ வேண்டியிருக்கும்.

பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ள எழுத்துகளையே எல்லோரும் எழுதுங்கள். ஜெயக்குமாரியின் பெயரே ஆங்கிலச் செய்திகளில் முன்பின்னாகவும் வேறு வேறு எழுத்துகளிலும் வந்திருக்கிறது. ஒரே ஆளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாக எழுதி அனுப்பினால், அங்கே மேசையில் இருப்பவர் நாலு பேர் கைதாகியிருக்கிறார்கள் என்று நினைத்து, முதலில் அதைச் சரிபார்க்கவே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்.